மலிவு பேட்டரியின் உண்மையான விலை

மெட்டல் டிடெக்டர் என்றதும் நமக்கெல்லாம் விமான நிலைய வாசல்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் அது ஒரு பொழுதுபோக்கு. நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, உழுத வயலில் ரோமானியர் காலத்து நாணயம் ஏதாவது கிடைக்குமா என்று நாள் முழுக்கத் தேடுவார்கள். இவர்களுக்குப் புதையலுக்கு அடுத்த பெரிய கவலை பேட்டரி! எது விலை குறைவு? எது நெடுநேரம் உழைக்கும்? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு உலகப் போரே இருக்கிறது. பி.காம். படிப்பவனுக்கு அதில் ஒரு கணக்குப் பாடமும் இருக்கிறது.

டிடெக்டரின் தத்துவம் எளிமையானது. கம்பிச் சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். பக்கத்தில் உலோகம் வந்தால் அந்தப் புலம் கலையும், காதில் சத்தம் கேட்கும். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட, டெலிஃபோன் புகழ் கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியைத்தான் செய்தார். குண்டு அகப்படவில்லை. அந்தச் செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்துபோனார்.

பெல் கருவியைக் கொண்டுபோனது ஒரு படுக்கையறைக்கு. அதையே காடு மேடெல்லாம் தூக்கித் திரிய வேண்டுமென்றால் கொட்டாத பேட்டரி வேண்டும். 1866-இல் லெக்லான்ஷே செய்த மின்கலத்தில் இருந்தது நவச்சாரக் கரைசல். ஜாடியைச் சாய்த்தால் போச்சு. ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் 1886-இல் அந்த நவச்சாரத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோடு குழைத்து, துத்தநாகக் குவளைக்குள் அடைத்தார். நம் வீட்டு டார்ச் லைட் கட்டையின் முப்பாட்டன் இதுதான்.

சரி, இப்போது போருக்கு வருவோம். போலந்து ராணுவத்தின் யூசெஃப் கொசாட்ஸ்கி, ஸ்காட்லாந்தில் இருந்தபோது 1941-இல் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய கண்ணிவெடி டிடெக்டரை வடிவமைத்தார். எடை கிட்டத்தட்ட 14 கிலோ. 1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமைன் போரில் சுமார் 500 கருவிகள் இறங்கின. மணிக்கு 100 சதுர மீட்டராக இருந்த கண்ணிவெடி அகற்றும் வேகம் 200 ஆனது. இத்தனைக்கும் கொசாட்ஸ்கி இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை.

ஆனால் அன்றைய துத்தநாக-கார்பன் கட்டைகளுக்கு வெப்பம் ஆகாது. பாலைவனத்திலும் பசிபிக் தீவுகளின் புழுக்கத்திலும் பெட்டியில் இருக்கும்போதே வீணாகும். பயன்படுத்தப் பயன்படுத்த மின்னழுத்தமும் சரிந்துகொண்டே போகும். நாணயம் தேடுபவருக்கு இதனால் ஒரு நாணயம் போகும். கண்ணிவெடி தேடுபவருக்கோ காலோ உயிரோ போகும்.

இதற்குத் தீர்வாக வந்தது, 1942-இல் அமெரிக்காவின் சாமுவேல் ரூபன் உருவாக்கிய பாதரச மின்கலம். சிறியது, வெப்பம் தாங்கும், ஏறக்குறைய கடைசிவரை ஒரே 1.35 வோல்ட் தரும். மேலோரி கம்பெனி இதைத் தயாரிக்க, ராணுவத்தின் டிடெக்டர்களுக்கும் வாக்கி-டாக்கிகளுக்கும் போனது. அந்த மேலோரிதான் பின்னாளில் நாம் அறிந்த டியூராசெல்.

பாதரசம் நஞ்சு என்பதுதான் இதில் சிக்கல். தூக்கியெறிந்த கலத்திலிருந்து மண்ணில் இறங்கும் பாதரசத்துக்கான செலவு விலைச்சீட்டில் எழுதப்படவில்லை. அமெரிக்கா 1996-இல் சட்டம் போட்டு இந்தக் கலங்களின் விற்பனைக்கு முடிவு கட்டியது. 2013-இன் மினமாட்டா உடன்படிக்கையும் பாதரச பேட்டரிகளை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. கணக்கு அரை நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்திருக்கிறது!

இதற்கிடையில் எவரெடி கம்பெனி, துத்தநாக-கார்பன் கட்டையின் ஆயுளைக் கூட்டும் வேலையை 1955-இல் லூயிஸ் அர்ரி என்ற பொறியாளரிடம் கொடுத்தது. பழையதை ஒட்டுப்போடுவதை விட, காரக் கரைசலில் இயங்கும் புதியதைச் செய்வதே லாபம் என்று முடிவெடுத்தார் அவர். துத்தநாகத்தைத் தூளாக்கிப் போட்டதால் வினை நடக்கும் பரப்பு பெருகியது. 1959-இல் ஆல்கலைன் பேட்டரி சந்தைக்கு வந்தது. அடுத்து, ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு 1989-இல் விற்பனைக்கு வந்தது. சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிவிடும் குறை அதற்கு இருந்தது. 2005-இல் சான்யோவின் எனிலூப் அதையும் பெருமளவு சரிசெய்தது.

இப்போது நம் கணக்குப் பாடம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். டிடெக்டருக்கு 8 பென் டார்ச் செல்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண செட் 2 பவுண்டு, 5 மணி நேரம் வரும். மணிக்கு 40 பென்ஸ். ஆல்கலைன் செட் 4 பவுண்டு, 20 மணி நேரம். மணிக்கு 20 பென்ஸ். ஆக, கடையில் மலிவாகத் தெரிந்தது வயலில் இரட்டிப்பு விலை. சார்ஜரோடு சேர்த்து ரீசார்ஜ் செட் 30 பவுண்டு என்றால், மின்கட்டணத்தை விட்டுவிட்டால், 150 மணி நேரத்தில் ஆல்கலைன் செலவைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு எல்லாம் மிச்சம். வாராவாரம் தேடுபவருக்கு இது ஒரு வருடத்துக்குள் வரும். வருடத்துக்கு இரண்டு முறை போகிறவருக்கு ஆல்கலைனே போதும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், எட்டும் சேர்ந்தால் 12-க்குப் பதில் 9.6 வோல்ட்தான் வரும். கருவி அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துவிட வேண்டும். சீசன் முடிந்ததும் செல்களைக் கழற்றி வைப்பதும் நல்லது. ஒழுகிய செல் டிடெக்டரையே அரித்துவிட்டால் எல்லாக் கணக்கும் வீண் :-)

விலை என்பது ஒரு செல்லுக்கு எவ்வளவு என்பதோடு முடிவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, பாதியில் நின்றால் நஷ்டம் யாருக்கு, தூக்கியெறிந்த பிறகு செலவு யார் தலையில் என்று மூன்றையும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் பில்லைப் பார்த்தாலே தெரியும். இரண்டாவதை எகிப்துப் பாலைவனத்தில் நடந்த சிப்பாய் அறிவான். மூன்றாவதுக்கான பில் இன்னும் நம் பெயரில்தான் வந்துகொண்டிருக்கிறது.