காப்சைசின்

காப்சைசின் மிளகாய்க்குக் காரம் தரும் வேதிப்பொருள். அக்கி ஆறிய பின்னும் மாதக்கணக்கில் விடாத வலி, சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சல் போன்ற நாட்பட்ட நரம்புவலிகளுக்கு இது களிம்பாகவும் ஒட்டுப்பட்டையாகவும் பயன்படுகிறது. தாவரங்கள் தந்த வலிமருந்துகளில், வேலை செய்யும் விதம் இவ்வளவு தெளிவாகப் புலப்பட்டவை சிலவே.

மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது விதைகளைத் தாங்கும் வெளிறிய திசுவில் உருவாகிறது. 1876இல் ஆங்கிலேயரான ஜான் த்ரெஷ் இப்பொருளை ஏறத்தாழத் தூய நிலையில் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். காப்சைசினைத் திரும்பத் திரும்பப் பெற்ற விலங்குகள் எரிச்சலூட்டும் வேறு பொருள்களுக்கும் அசையாமல் போவதை ஹங்கேரிய மருந்தியலாளர் மிக்லோஷ் யான்சோ 1940களில் கண்டார். எரிப்பதே எரிச்சலை அடக்குவது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. 1997இல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு, காப்சைசின் பற்றிக்கொள்ளும் டிஆர்பிவி1 என்ற புரதத்தைக் கண்டறிந்தது. வலியுணர் நரம்பு முனைகளில் உள்ள இப்புரதம், ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிலும் திறந்துகொள்கிறது. மிளகாய் கடித்த நாக்கு சுட்டதுபோல் எரிவது இதனால்தான். வெப்ப, தொடு உணர்வு ஆய்வுகளுக்காக ஜூலியசும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

புரதம் திறந்ததும் கால்சியம் நரம்பு முனைக்குள் பாய்கிறது. மருந்தின் செறிவு மிகும்போது அந்த முனை செயலிழந்து, தோலின் மேலடுக்கிலிருந்து பின்வாங்குகிறது. வலிச் செய்தி பல வாரங்களுக்குக் குறைகிறது; பிறகு முனைகள் மீண்டும் வளர்கின்றன. ஆகவே இது நிரந்தரத் தீர்வு அல்ல.

மருந்துக்கடைக் களிம்புகளில் காப்சைசின் பொதுவாக 0.025 அல்லது 0.075 விழுக்காடே இருக்கும். நாளுக்கு மூன்று நான்கு முறை பூச வேண்டும் என்பதாலும், எரிச்சலாலும், பலர் பாதியில் கைவிடுகிறார்கள். நரம்புவலியில் இவற்றின் பயனுக்குச் சான்றும் வலுவாக இல்லை. 8 விழுக்காட்டு ஒட்டுப்பட்டைக்குச் சான்று இதைவிட உறுதியானது. அதில் இருப்பது தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரித்த காப்சைசின். அக்கிக்குப் பிந்தைய வலிக்கு 2009இலும், சர்க்கரை நோயாளிகளின் பாத நரம்புவலிக்கு 2020இலும் அமெரிக்கா அதை ஏற்றது. மருத்துவப் பணியாளர் ஒட்டிவிட, பாதத்தில் 30 நிமிடமும் மற்ற இடங்களில் 60 நிமிடமும் வைத்து எடுக்கிறார்கள். அடுத்த முறை குறைந்தது மூன்று மாதம் கழித்தே.

இம்மருந்தைச் சோதிப்பதே கடினம். எரிச்சல் வந்தால், தனக்குக் கிடைத்தது உண்மை மருந்தா போலியா என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும். அதனால் முக்கியச் சோதனைகளில் ஒப்பீட்டுக்கும் 0.04 விழுக்காடு காப்சைசின் கொண்ட பட்டையையே ஒட்டினார்கள். அப்படியும் 8 விழுக்காட்டுப் பட்டை கூடுதல் பலன் காட்டியது என்பதே அதன் மதிப்பு. பலன் எல்லோருக்கும் கிட்டுவதில்லை. கிட்டியவர்களுக்கு, மாத்திரைகள் தரும் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் இல்லாத நிவாரணம்.

சமையலறை மிளகாயை அரைத்துப் பாதத்தில் பூசுவது இதற்கு ஈடாகாது, அது ஆபத்தும்கூட. அதன் செறிவு தெரியாது. மரத்த பாதத்தில் தோல் புண்ணானாலும் உணர முடியாது.

இதே புரதத்தைக் காப்சைசினைவிடப் பன்மடங்கு வலுவாகத் தூண்டுவது ரெசினிஃபெராடாக்சின். மொராக்கோவின் கள்ளியினம் ஒன்றின் பாலில் கிடைக்கும் இதைத் தண்டுவட நீரில் செலுத்தி, முற்றிய புற்றுநோயின் வலியைத் தணிக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள்.