எலிபெண்டாவும் பெயர்த்தெடுத்த கல்லும்



மும்பைத் துறைமுகத்தின் நீர்ப்பரப்பில், ‘கேட்வே ஆஃப் இந்தியா’ என்னும் நுழைவாயில் மண்டபத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில், இரண்டு குன்றுகளும் அவற்றினிடையே ஒரு சிறு பள்ளத்தாக்கும் கொண்ட தீவொன்று இருக்கிறது. உலகத்தார் அதனை எலிபெண்டா என்பர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் காராபுரி என்பர். சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தீவுக்குச் சென்றுவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

மைய அரசின் பல்வேறு அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணியாற்றும் நாங்கள் எழுவர், ஒரு பயிற்சி முகாமின் பொருட்டு மும்பையில் கூடியிருந்தோம். வங்காளி ஒருவர், ஒடியா மொழியினர் ஒருவர், மலையாளிகள் இருவர், கன்னடர் ஒருவர், மராத்தியர் ஒருவர், தமிழன் ஒருவன். விடுமுறை நாளை வீணாக்கலாகாது என்று எங்களுள் மூத்தவரான மராத்திய நண்பர் வற்புறுத்தவே, காலை ஒன்பது மணிக்குப் படகுத்துறையில் நின்றோம்.

விசைப்படகு தீவை அடைய ஒரு மணி நேரம் ஆகின்றது. ஏறியவுடன் படகோட்டியின் உதவியாளர் ஆளுக்கொரு மிதவைச் சட்டையைக் கொடுத்தார். எவரும் மறுக்கவில்லை. 2024 டிசம்பர் 18 அன்று, இதே வழியில் சென்றுகொண்டிருந்த பயணப் படகின்மீது கடற்படையின் விரைவுப் படகொன்று மோதிப் பலர் உயிரிழந்ததை அங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை. கடற்பறவைகள் இருபுறமும் கூச்சலிட்டுத் தொடர்ந்து வந்தன. போர்க்கப்பல்களையும், எண்ணெய்க் கப்பல்கள் அணையும் ஜவாஹர் தீவையும் கடந்து சென்றோம். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது என்னும் நெடும்பாலம் வடக்கே பனியினூடே ஒரு கோடுபோலத் தெரிந்தது. இத்தனைக்கும் நடுவே பசுமையாக எழுந்து நிற்கும் அக்குன்றுகளைக் காணும்போது, ஒரு பெருநகரத்தின் வாசலிலேயே இப்படியோர் இடம் எங்ஙனம் தப்பிப் பிழைத்தது என்ற வியப்பு எழாமற் போகாது.

உண்மையில், அது முழுவதும் தப்பிப் பிழைக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று தங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். 1534ஆம் ஆண்டில் குஜராத்தின் சுல்தான் பகதூர் ஷா, வசாய்ப் பகுதியைப் போர்த்துக்கீசியருக்கு விட்டுக்கொடுத்தார். அதன் பின்னர் இத்தீவும் அவர்கள் வசமாயிற்று. தீவின் கரையருகே கருங்கல்லில் செதுக்கிய பெரிய யானை ஒன்று நின்றதைக் கண்ட அவர்கள், யானைத்தீவு என்னும் பொருள்பட இதற்குப் பெயரிட்டனர். அந்த யானையை இன்று தீவில் தேடினால் காண முடியாது. 1814ஆம் ஆண்டில் அதன் தலையும் கழுத்தும் உடைந்து வீழ்ந்தன. 1864ஆம் ஆண்டில் எஞ்சிய உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது, பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து கல் துண்டு துண்டாயிற்று. அத்துண்டுகளைப் பிற்காலத்தில் ஒட்டவைத்து நிறுத்தினர். மும்பை பைகுல்லாவில், இன்று ஜீஜாமாதா உத்யான் என வழங்கும் பழைய விக்டோரியா தோட்டத்தில் அந்த யானை நிற்கின்றது. யானை நகருக்குப் போய்விட்டது. அதன் பெயர் மட்டும் தீவில் நிலைத்துவிட்டது.

படகுத்துறையிலிருந்து குன்றின் அடிவாரம் வரை ஒரு சிறு இரயில் ஓடுகின்றது. நாங்கள் நடந்தே சென்றோம். அதன் பின்னர் ஏறக்குறைய 120 படிகள் ஏறவேண்டும். படிகளின் இருபுறமும் தீவு மக்களின் கடைகள் நெருங்கியுள்ளன. மேலே சென்றதும் கூட்டத்தின் ஓசை குறைந்தது. குன்றின் கருங்கற்பாறையைக் குடைந்த பெருங்குகையின் வடக்கு வாயில் எதிரே தோன்றியது.

மராத்திய நண்பர் எங்களை உள்ளே செல்லவிடாது தடுத்து, “ஐயா, முதலில் வாயிலுக்கு மேலே பாருங்கள். அங்கே என்ன தெரிகின்றது?” என்று கேட்டார்.

“ஒன்றும் தெரியவில்லையே” என்றார் வங்காள நண்பர்.

“அந்த ஒன்றுமில்லாமையைத்தான் பார்க்கச் சொன்னேன்” என்றார் அவர்.

போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூட்டோ என்பவர் இக்குகையைப் பற்றி எழுதிவைத்துள்ளார். வசாய்ப் பகுதியைக் கைக்கொண்ட போர்த்துக்கீசியர், இக்கோயிலின் வாயில்மீது பெரிய, அழகிய எழுத்துகள் பொறித்த கல்லொன்று இருக்கக் கண்டு, அதனைப் பெயர்த்தெடுத்தனராம். இந்துக்கள், இசுலாமியர் எனக் கீழைநாட்டில் எவரேனும் அதனைப் படித்துக் கூறமாட்டாரா என்று ஆளுநர் தேடினாராம். ஒருவரும் கிடைக்கவில்லை. பின்னர் அக்கல் போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜோவானுக்கு அனுப்பப்பட்டது. அவரும் அதன் பொருளை அறியத் தம்மாலான முயற்சியெல்லாம் செய்தார், பயன் விளையவில்லை. அதன்பின் அக்கல் என்னவாயிற்று என்பதை அறிந்தவர் இல்லை.

நேயர்களே, பெயர்த்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று, இருந்த இடத்தைவிட்டு அகற்றுதல். மற்றொன்று, ஒரு மொழியில் உள்ளதைப் பிறிதொரு மொழியில் கூறுதல். அக்கல்லுக்கு முதற்பொருள் நிகழ்ந்தது. இரண்டாம் பொருள் நிகழவேயில்லை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எங்கள் எழுவருக்கும் அவ்வாயிலின் அடியில் நின்றபோது உண்டான உணர்ச்சியைச் சொற்களில் அடக்குவது எளிதன்று.

இங்கே ஒன்றை நாம் நடுநிலையோடு கருதிப் பார்த்தல் வேண்டும். அக்கல்லை எடுத்தவர்கள் அதனை உடைத்தெறிய எண்ணி எடுக்கவில்லை. படித்தறியவே விரும்பினர். ஆனால் காலம் அவர்களுக்கு உதவவில்லை. பழைய எழுத்துகளைப் படிக்கும் திறன் பதினாறாம் நூற்றாண்டில் இந்நாட்டவரிடமே மறைந்துபோயிருந்தது. சார்லசு வில்கின்சு முதலானோர் 1780களில் பழைய வடிவ எழுத்துகளை மெல்ல மெல்லப் படிக்கத் தொடங்கினர். 1837ஆம் ஆண்டில் ஜேம்சு பிரின்செப், அசோகனின் பிராமி எழுத்துகளின் மருமத்தை அவிழ்த்தார். அக்கல் வாயிலின் மீதே இருந்திருக்குமாயின், மூன்று நூற்றாண்டுகள் கழித்தேனும் அது வாய் திறந்து பேசியிருக்கும். படிக்கத் தெரியாதபோது செய்யத்தக்கது, படிக்கத் தெரிந்தவன் வரும்வரை பொருளை அதன் இடத்திலேயே காத்துவைப்பதுதான். காப்பு என்பதன் முழுப்பொருளும் இதில் அடங்கியுள்ளது என்று எனக்குத் தோன்றியது.

அக்கல் இல்லாமையால் விளைந்த இழப்பு சிறிதன்று. இப்பெருங்குகையைக் குடைவித்தவர் யார் என்பதை உறுதியாகக் கூறும் சான்று இன்று நம்மிடம் இல்லை. சிற்ப அமைதியை நோக்கி இது கி.பி. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். தீவில் கிடைத்த காலச்சூரி மன்னன் கிருஷ்ணராஜனின் காசுகளைக் காட்டி, அம்மரபினரின் ஆதரவில் எழுந்தது என்பர் ஒரு சாரார். கொங்கணத்து மௌரியரைச் சுட்டுவர் வேறு சிலர். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி கப்பற்படை கொண்டு புரி என்னும் நகரைத் தாக்கியதை ஐகொளெயில் உள்ள கி.பி. 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகின்றது. அப்புரி இந்தக் காராபுரிதானா என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. ஒரே ஒரு கல் இவ்வழக்குகளை எல்லாம் தீர்த்துவைத்திருக்கக்கூடும்.

உள்ளே சென்றோம். வெயிலிலிருந்து இருளுக்குள் நுழைந்த கண்களுக்கு முதலில் தூண்கள் மட்டுமே தெரிந்தன. வரிசை வரிசையாக நிற்கும் அத்தூண்கள் மலையைத் தாங்குவனபோல் தோன்றினாலும், மலையில் எஞ்சியவையே அவை என்பதை மனம் மெல்ல உணர்ந்தது. வாயிலின் இருபுறமும் கூத்தாடும் சிவனும் யோகத்தில் அமர்ந்த சிவனும் உள்ளனர். இயக்கமும் அமைதியும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கின்றன. மேற்புறத்தில் நான்கு வாயில்களையுடைய இலிங்கக் கருவறை. ஒவ்வொரு வாயிலிலும் இருவராக எட்டுத் துவாரபாலகர்கள். சுவர்களில் திருமணக் கோலம், அந்தகாசுரனை அழித்த கோலம், இராவணன் கயிலையைப் பெயர்க்க முயலும் காட்சி ஆகியவை விளங்குகின்றன.

தென்சுவரின் நடுவே, ஏறத்தாழ 18 அடி உயரமுள்ள அந்த மாபெரும் மும்முக வடிவம் இருக்கிறது. நடுமுகம் கண்மூடி அமைதியில் ஆழ்ந்திருக்கின்றது. ஒருபுறத்து முகம் சினமும் கடுமையும் உடையது. மறுபுறத்து முகம் பெண்மையின் மென்மை உடையது. எங்களோடு நின்ற கூட்டமே சற்று நேரம் பேச்சற்றுப் போயிற்று.

இவ்வடிவத்துக்கும் ஒரு மொழிபெயர்ப்பு வரலாறு உண்டு. இதனைத் திரிமூர்த்தி என்றே நெடுங்காலம் வழங்கினர். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தொழிலுக்குரிய மூவரும் ஒன்றாய் நிற்பதாக உரை கண்டனர். இன்றும் பலர் அப்படியே கூறுவர். சிற்ப நூல்களையும் ஆகமங்களையும் கற்றுத் தேர்ந்தவரும், திருவிதாங்கூர் அரசின் தொல்பொருள் துறையில் பணியாற்றியவருமான டி.ஏ. கோபிநாத ராவ், 1914ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமது சிற்பவியல் நூலில், இது மூவரைக் குறிக்கும் வடிவம் அன்று, மகேசமூர்த்தி என்னும் ஒரே சிவனின் வடிவமே என்று விளக்கினார். அறிஞருலகம் சதாசிவன் என்றோ மகேசன் என்றோ இன்று கூறுவது அவ்வழியில் வந்ததேயாகும். ஆகவே கல்லிலுள்ள எழுத்தை மட்டுமன்று, கல்லிலுள்ள முகத்தையும் பிழைபடப் படிக்க இயலும். முகம் அங்கேயே இருந்தபடியால் பிழையைத் திருத்த முடிந்தது. எழுத்து போய்விட்டபடியால் அதில் பிழை செய்யும் வாய்ப்புக்கூட நமக்கு இல்லாமற் போயிற்று.

சிற்பங்களுள் பலவற்றில் கைகளும் கால்களும் உடைந்துள்ளன. போர்த்துக்கீசியப் படைவீரர் இவற்றைக் குறிவைத்துச் சுட்டுப் பழகினர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. நீர்க்கசிவும் காலமும் தத்தம் பங்கைச் செய்துள்ளன. ஆங்கிலேயர் காலத்திலும் மதிப்பு உடனே வந்துவிடவில்லை. 1875ஆம் ஆண்டில் வேல்சு இளவரசர் பம்பாய்க்கு வந்தபோது, இக்குகையினுள்ளேயே அவருக்கு விருந்து படைத்தனர். அவரே பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1871இல், ஜேம்சு பர்ஜெசு இக்குகைகளைப் பற்றித் தனி நூல் எழுதி வெளியிட்டிருந்தார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் அளந்து எழுதிய மண்டபத்தில் பிறர் அமர்ந்து உண்டனர்.

1909ஆம் ஆண்டில் இக்குகைகள் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டன. 1985இல் வெளியான அறிவிக்கை ஒன்று, தீவு முழுவதையும் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையுள்ள கடற்பரப்பையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. 1987இல் யுனெசுகோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இங்கே இன்னொரு பக்கத்தையும் நான் கூறாமல் விடலாகாது. இறங்கி வரும்போது ஒரு கடையில் அமர்ந்து எலுமிச்சைச் சாறு பருகினோம். கடையை நடத்திய அம்மையார் தீவிலேயே பிறந்தவர். இங்கே சேத்பந்தர், மோராபந்தர், இராஜ்பந்தர் என மூன்று ஊர்கள் உள்ளன. மும்பையின் விளக்கொளி இரவெல்லாம் கண்ணெதிரே மின்னிக்கொண்டிருக்க, இவ்வூர்களில் மாலையில் சில மணி நேரம் மின்னாக்கி எந்திரம் ஓடிய அளவே வெளிச்சம் இருந்தது. 2018 பிப்ரவரியில்தான், ஏழரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடத்தைக் கடலுக்கடியில் பதித்து மின்சாரம் கொண்டுவந்தனர். நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னர்!

“கல்லைப் பார்க்க எல்லாரும் வருகிறார்கள், மாலைப் படகில் எல்லாரும் போய்விடுகிறார்கள். நாங்கள் அல்லவா இராப்பொழுதும் இதற்குக் காவல்!” என்றார் அம்மையார். மராத்தியில் அவர் கூறியதை நண்பர் இந்தியில் சொல்ல, அவரவர் தத்தம் மொழியில் அதனை மனத்துள் பெயர்த்துக்கொண்டோம். குகைகளைக் காப்பதற்கான சட்டம், அவற்றின் அருகே வாழும் மாந்தரையும் தன் கணக்கில் வைத்தல் வேண்டும் என்பதை அதனினும் சுருக்கமாக எவரும் கூற இயலாது.

பயணிகள் இரவில் தீவில் தங்க இசைவு இல்லை. மாலைப் படகில் திரும்பினோம். அலையின் மேல் சாய்வெயில் சிவந்து கிடந்தது. ஒடியா நண்பர் திடீரென்று, “அந்தக் கல் என்றேனும் கிடைக்குமென்று நினைக்கிறீர்களா?” என்று கேட்டார். லிசுபனில் ஏதேனும் பழைய கட்டடத்தின் சுவருக்குள் எழுத்துப் பக்கம் உள்நோக்கி இருக்கலாம் என்றார் மலையாளி நண்பர். கடலடியில் இருக்கலாம் என்றார் மற்றொருவர். மராத்திய நண்பர் மட்டும் ஒன்றும் கூறாது, பின்னே சிறுத்துக்கொண்டே போகும் குன்றுகளை நோக்கியவாறு இருந்தார்.

நேயர்களே, நம் ஊர்ப்புறங்களிலும் படிக்கப்படாத கற்கள் உள்ளன. வாய்க்கால் ஓரத்தில் துணி துவைக்கும் கல்லாக, வீட்டு வாசற்படியாக, வேலியருகே சாய்ந்த பலகையாக அவை கிடக்கின்றன. அவற்றைப் படிக்க நமக்குத் தெரியாமல் இருக்கலாம், அது குற்றமன்று. பெயர்த்து வேறெங்கும் கொண்டுபோகாமலும், உடையாமலும் பார்த்துக்கொண்டு, தெரிந்தவர்க்கு ஒரு சொல் சொல்லியனுப்பினால் போதும். படிக்கத் தெரிந்தவர் என்றேனும் ஒருநாள் வருவார். அவர் வரும்போது கல் அங்கே இருக்கவேண்டும்.