கோதாரி வந்த கடல்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் எரிச்சல் மிகுந்த வேளையில் இன்றும் வாயில் வருகின்ற 'கோதாரி' என்ற சொல், ஒரு காலத்தில் வெறும் வசையாக இருக்கவில்லை. கொள்ளைநோயின், விசேஷமாக வாந்திபேதியின், பெயராக அது இருந்தது. ஒரு வியாதியின் பெயர் சபிக்கும் வார்த்தையாக மாறி மூன்று நான்கு தலைமுறைகளுக்குப் பின்னும் அழியாது நிற்குமானால், அந்த வியாதி அந்தச் சனங்களின் வீடுகளில் எவ்வளவு ஆழமாக நுழைந்திருக்க வேண்டுமென்பதை எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

அது பெரும்பாலும் கடல் வழியாகவே வந்தது. பாக்குநீரிணையின் இப்பக்கத்தில் ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் நயினாதீவும் சிதறிக் கிடக்க, அப்பக்கத்தில் இராமேசுவரமும் தொண்டியும் நாகப்பட்டினமும் நிற்க, இடையிலே நெல்லும் புகையிலையும் யாத்திரிகரும் கூலியாட்களும் தோணிகளில் ஓயாது போய்வந்துகொண்டிருந்த நூற்றாண்டுகளில், ஒரு கரையின் காய்ச்சல் மறு கரையின் காய்ச்சலாக மாறச் சில நாட்களே போதுமாயிருந்தன. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் தேசத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். லெய்டன், மிடில்பேர்க், ஹார்லெம் என்பனவெல்லாம் மறைந்து 'டெல்ஃப்ட்' ஒன்றே இன்று புழக்கத்தில் எஞ்சியிருக்கிறது. அவர்கள் காலத்தில் துறைமுகத்தைக் காவல் செய்த ஹம்மன்கீல் என்னும் கடற்கோட்டை, பிரித்தானியர் காலத்தில் தொற்றுநோயாளரை ஒதுக்கிவைக்கும் இடமாயிற்று. பகைவரைத் தடுப்பதற்கென்று எழுப்பிய மதில் பின்னர் பிணியைத் தடுக்க நின்றதை நினைக்கும்போது, இக்கடலில் எது பெரிய பகையாயிருந்தது என்பது விளங்குகிறது.

தீவுகளில் வைத்தியர் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து மன்னர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களின் மரபில் வந்த பரம்பரை வைத்தியர்கள், நாடி பார்த்தும் விஷக்கடிக்கு மருந்து கட்டியும் சனங்களைப் பேணினார்கள். அவர்களுடைய அறிவை இகழ்வது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் ஒரு குறையைச் சொல்லவே வேண்டும்: ஒரு தீவிலே ஒரு வைத்தியர் கண்ட அநுபவம் அவருடைய ஏட்டிலும் அவருடைய குமாரனுடைய ஞாபகத்திலும் அடங்கிப்போயிற்றேயன்றி, அடுத்த தீவின் வைத்தியர் கண்டதோடு ஒப்புநோக்கப்பட்டு, எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கப்படவில்லை. மருத்துவ ஆராய்ச்சி என்று நாம் இன்று பெரிய பெயரிட்டு அழைப்பது அடிப்படையில் இந்த எண்ணிப் பார்த்தலும் ஒப்புநோக்கலுமேயாகும்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தார். அவருக்குப் பின்னர் வட்டுக்கோட்டையில் நேதன் உவார்ட் பணிபுரிந்தார். இவர்கள் இருவரையும் விரைந்து கடந்துபோகிறேன். ஏனெனில் என் மனம் தங்கி நிற்பது 1847இல், தம்முடைய 25ஆவது வயதில், மசச்சூசெட்ஸ் மாநிலத்து உவூஸ்டர் நகரிலிருந்து வந்திறங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரிடத்திலேயே. அவர் மறு வருஷமே இங்குள்ள இளைஞரைச் சேர்த்து மேலை வைத்தியம் கற்பிக்கத் தொடங்கி, மானிப்பாயை அதன் நிலையமாக்கினார். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி 1870இலேதான் திறக்கப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், அந்தச் சிறு வகுப்பின் பெருமை புலப்படும். அவரிடம் கற்றுத் தேறியவர்கள் 60 பேருக்கு மேற்பட்டவர்கள்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வேறு மாகாணங்களுக்குப் போய்விட, யாருக்காக அவர்களைப் பயிற்றினாரோ அந்தக் கிராமத்துச் சனங்கள் முன்போலவே வைத்தியரின்றி நின்றதைக் கண்டபோது, தமிழில் கற்றவனே தமிழூரில் தங்குவான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்நியர் ஒருவர், தமது மொழியின் அதிகாரம் நாளுக்குநாள் உயர்ந்துகொண்டிருந்த காலத்தில், அந்த அதிகாரத்தை விட்டு எதிர்த்திசையில் நடந்தது எனக்கு இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். 1852இல் வெளியான 'அங்காதிபாதம்' தொடங்கி, 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'மனுஷாங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' என்று 4,000க்கும் மேற்பட்ட பக்கங்கள் அவருடைய முயற்சியாலும் அவருடைய மாணாக்கரின் உழைப்பாலும் உருவாயின. ஒரு பதத்தை ஆக்கும்போது முதலில் தமிழில் தேடுவார்; அங்கே கிடையாவிடின் சமஸ்கிருதத்தில் தேடுவார்; அங்கும் கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுவார். 1875இல் வந்த 'கெமிஸ்தம்' அச்சானது நாகர்கோயிலிலே. யாழ்ப்பாணத்து மாணாக்கன் மொழிபெயர்த்ததை நாகர்கோயில் அச்சுத்தொழிலாளி எழுத்துக் கோத்தான். பிராந்திய ஒத்துழைப்பு என்று இக்காலத்தவர் மாநாடு கூட்டிப் பேசுகின்ற காரியம் அப்போது கையெழுத்துப் பிரதியாகப் பாக்குநீரிணையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

1873இல் கிறீன் ஊர் திரும்பினார். ஊரிலிருந்தும் நூல்களை அனுப்பிக்கொண்டேயிருந்து 1884இல் காலமானார். தமிழருக்கான வைத்திய ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி சொல்லியிருந்தார். ஆனால் தமிழ் வகுப்பு அவரோடு ஓய்ந்தது. அரசாங்கத்தின் கல்வியும் உத்தியோகமும் ஆங்கிலத்திலேயே இருந்தபோது, தமிழில் வைத்தியம் கற்றவனுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? அந்தத் தொடர்ச்சி அறுந்ததை நம்முடைய பெருநஷ்டங்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

வேறு திசையில் அது தளிர்க்காமற்போகவுமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போன ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை பெரிய கல்லூரியாயிற்று. இந்தியாவிலேயே உருவான ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தை 6,799 குழந்தைகளிடத்தில் பரீட்சித்துப் பார்த்த மூன்று இடங்களுள் தில்லி, புனே ஆகியவற்றோடு வேலூரும் ஒன்று. சென்னையிலே 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையும் சேர்ந்து நிறுவிய நிலையம், 193 காசநோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே வீட்டிலிருந்தவர்களும் குணமடைந்தனர். அவர்களுடைய வீட்டாருக்கும் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. சானடோரியம் கட்டப் பணமில்லாத தேசங்களெல்லாம் அந்த முடிவினால் மூச்சுவிட்டன. ஏழை நாட்டின் கேள்வியை ஏழை நாட்டிலேயே வைத்துக் கேட்டதனால்தான் அந்த விடை கிடைத்தது.

கோதாரிக்கும் விடை இவ்வாறே கிடைத்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாயால் பருகக் கொடுத்தாலே வாந்திபேதி நோயாளர் பிழைப்பர் என்பது 1968இல் டாக்காவில் நிறுவப்பட்டது. 1971இல் வங்க அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், நாளத்தில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனபிஸ் அதையே தொட்டிகளில் கரைத்துக் கொடுக்கச் செய்ய, நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு நாலுக்குக் கீழே இறங்கியது. குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளத்தில் ஏறி அலையோடு போராடியே நெடுந்தீவை அடைய வேண்டியவர்களுக்கு, அடுப்படியிலேயே கரைக்கக்கூடிய இந்த மருந்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. யுத்தகாலத்தில், மின்சாரமும் மருந்தும் சஞ்சிகையும் வராத வருஷங்களிலும், அது மாணவரை வெளியேற்றிக்கொண்டிருந்தது. அப்பல்கலைக்கழகத்து விலங்கியலார், டெங்குவைப் பரப்பும் நுளம்பு நன்னீரில் மட்டுமன்றிக் கரையோரத்து உவர்நீரிலும் முட்டையிட்டுப் பெருகுவதை யாழ்ப்பாணக் குருநகரிலே கண்டு 2011இல் வெளியிட்டார்கள். கிணற்றுநீர் உவர்க்கும் தீவுகளுக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி! 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. அதே வருஷ முடிவில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் நுளம்பு மன்னார்த் தீவின் கிணறுகளிலே முதன்முதலாகக் காணப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது.

எதிர்க்கரையில், சவுக்குத் தோப்புகளுக்கு நீர் வார்க்கத் தோண்டிய மணற்குழிகளில் மலேரியா நுளம்பு வளர்வதைப் புதுச்சேரியின் ஆராய்ச்சியாளர் இராமேசுவரத்திலே பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் குழியை அளந்தவரும் இந்தக் கிணற்றை அளக்கிறவரும் ஒரே மொழி பேசுகிறவர்கள். ஒரே படிவத்தில், ஒரே பதங்களைக்கொண்டு, நெடுந்தீவின் கிணறுகளையும் இராமேசுவரத்தின் குழிகளையும் அவர்கள் சேர்ந்து எண்ணத் தொடங்க வேண்டுமென்பது என்னுடைய பேரவா. அதற்கான தமிழ்ப் பதங்களிற் சில மானிப்பாயில் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னரே ஆக்கப்பட்டு அச்சேறிக் கிடக்கின்றன.