மகளுக்கு வயது வரம்பில்லை

பொன்மலையில் நெடுங்காலம் பொறியியல் என்பது சங்கு ஊதியதும் ஆண்கள் கிளம்பிப் போகிற ஓர் இடமாகத்தான் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை இங்கே இடம்பெயர்ந்து 1928இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது; சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5 அன்று சங்கத்திடலில் மலபார் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ரயில்வே குடியிருப்பில் நான் கேட்டு வளர்ந்த கதைகளெல்லாம் இவைதாம். அவற்றில் பெண்கள் தூக்குச்சட்டி எடுத்து வருவார்கள், அல்லது தாலியறுப்பார்கள். வேறு வேலை அவர்களுக்குக் கதைக்குள் தரப்படவில்லை.

அதே 1946இன் பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எனியாக் என்ற கணினியைப் பத்திரிகையாளர்கள் முன் இயக்கிக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். கையேடு எதுவும் கிடையாது. மின்சுற்று வரைபடங்களைப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். அதையொட்டி நடந்த விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. இங்கும் தூக்குச்சட்டிதான், வடிவம் வேறு.

நம் பக்கத்தில் ஒருவர் பட்டறைக்குள் நுழைந்திருந்தார். அ. லலிதா. பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டில் கைக்குழந்தையோடு விதவை. தந்தை கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். மகளுக்காக அவர் வாதாடி இடம் வாங்கினார். 1943இல் லலிதா மின்பொறியாளராகப் பட்டம் பெற்றார். அச்சடித்த சான்றிதழில் இருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லைக் கையால் எழுதித் தர வேண்டியிருந்ததாகச் சொல்வார்கள். ஓராண்டுப் பயிற்சியை அவர் ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் முடித்தார். ஒரு படிவம் தனக்குள் யாரை எதிர்பார்க்கிறது என்பது அந்த அடித்தலில் இருக்கிறது. மென்பொருள் பொறியியல் படிக்கும் பெண்களோடு பேச ஆரம்பித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பேனாக்கோடுதான்.

நான் தமிழ் படித்தவள். பொறியியல் கல்லூரியில் எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்களுக்குத் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு தாள்களை 2022இல் கொண்டுவந்தது. அவற்றை நடத்தப் போய், மாணவிகளின் மற்றப் பாடங்களையும் எட்டிப் பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. நுழைவுத்தேர்வு 2007இல் போனபிறகும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை 2010இல் வந்தபிறகும் கணினி அறிவியல் வகுப்புகளுக்குள் வந்துசேர்ந்த பெண்கள் எந்த வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பதைத் திருச்சியில் பஸ் ஏறும் எவரும் சொல்லிவிடுவார்கள்.

மென்பொருள் உருவாக்கத்துக்குப் பொறியியல் என்ற பெயர் நிலைபெற்றது 1968இல், ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில். அந்தக் காலத்திலேயே அப்பல்லோ விண்கலத்துக்கு மென்பொருள் எழுதிய குழுவை வழிநடத்திய மார்கரெட் ஹாமில்டன் தன் வேலையைப் பொறியியல் என்றே குறிப்பிட்டார். சக ஊழியர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டதைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையின் கதை கொஞ்சம் வேறு. நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் 1960களில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். உலகத்தில் உள்ளவற்றை வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் என்ன தெரியும், என்ன செய்யும் என்று எழுதிவைப்பது அதன் அடிப்படை. அந்த வகைக்குக் கிளாஸ் என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் நிகார்ட் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். தொழிற்சாலைக்குள் வரும் கணினி அமைப்பில் தொழிலாளிக்கும் குரல் வேண்டும் என்பதற்காக. பொன்மலைக்காரிக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சிமுலாவைச் சொல்லும் பாடத்தில் சங்கத்தையும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியரை இன்னும் நான் சந்திக்கவில்லை.

ஸ்மால்டாக் மொழியை உலகுக்குக் கொண்டுசேர்த்தவர்களில் அடீல் கோல்ட்பர்க் முக்கியமானவர். பார்பரா லிஸ்கோவுக்கு 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. இந்த இரண்டு பெயர்களும் நம் மாணவிகளின் பாடத்தில் வருகின்றன, அல்லது வரவேண்டும்.

வகுப்பறையில் நடப்பது என்ன? கிரெய்க் லார்மனின் பாடநூலில் கடைக் கல்லா ஒன்று உதாரணமாக வரும். வாடிக்கையாளர் வருகிறார், காசாளர் பொருளைப் பதிகிறார், ரசீது தருகிறார். அமைப்பைப் பயன்படுத்துபவரை ஒரு குச்சி உருவமாக வரைய வேண்டும். அந்தக் குச்சி உருவம் எப்போதும் நின்றுகொண்டேயிருக்கும். நம் என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடைப் பெண்களும் அப்படித்தான் நின்றார்கள்; 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி அவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. வரைபடத்தில் உட்காரும் காசாளரை வரைய இன்னும் குறியீடு இல்லை. (வரைந்து காட்டிய ஒருத்திக்கு மதிப்பெண் குறைந்தது என்று கேள்விப்பட்டேன். நன்றாகச் சிரித்தோம்.)

ஆய்வகத்துக்குச் செயல்திட்டப் பட்டியல் ஒன்று உண்டு: பாஸ்போர்ட் வழங்கும் அமைப்பு, புத்தக வங்கி, தேர்வுப் பதிவு, சரக்கிருப்பு, இணையவழிப் பயணச்சீட்டு. ஆண்டுதோறும் அதே தலைப்புகள். முந்தைய ஆண்டு ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் போதும். ஒருத்தி மட்டும் பயணச்சீட்டுத் தலைப்பை வைத்துக்கொண்டு ரயில்வே ஊழியர் குடும்பத்துக்கு இலவச பாஸ் கொடுக்கும் அமைப்பை வரையப்போவதாகச் சொன்னாள். அப்பா பட்டறைத் தொழிலாளி. வீட்டிலேயே விதிகள் கிடைத்தன.

குடும்பம் என்ற கிளாஸை வரைய உட்கார்ந்தவள் மறுநாள் என்னிடம் வந்தாள்.

“மேம், மகனுக்கும் மகளுக்கும் பிள்ளைன்னு ஒரே கிளாஸ் போட்டேன். சரியா வரல.”

“ஏன்?”

“தம்பிக்கு இருபத்தொரு வயசு வரைக்கும் பாஸ். படிச்சிட்டிருந்தா இன்னும் நீளும். எனக்கு வயசே இல்ல மேம். கல்யாணம் ஆகற வரைக்கும்தான்.”

1986ஆம் ஆண்டின் பாஸ் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. திருமணமாகாத மகளுக்கு எந்த வயதிலும் பாஸ் உண்டு, அவள் சம்பாதித்தாலும் சரி. கேட்பதற்கு இது சலுகை. மணமானதும் அவள் பட்டியலிலிருந்து போய்விடுவாள். விதவையாகவோ மணமுறிவு பெற்றோ பெற்றோரைச் சார்ந்திருந்தால் மறுபடி உள்ளே வரலாம். ஒரு பொருள் அடையும் நிலைகளையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுவதையும் காட்டும் நிலை வரைபடம் அவர்கள் பாடத்தில் உண்டு. மகனின் படத்தில் அம்புக்குறிகளை நகர்த்துவது காலண்டரும் படிப்பும். மகளின் படத்தில் ஒவ்வோர் அம்புக்குறியிலும் ஒரு கணவன் வருகிறான், போகிறான், சாகிறான். நான் இருபது வருடமாகப் பெண்ணியக் கட்டுரைகள் எழுதிவருகிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருபோதும் எழுதியதில்லை.

மேல்வகையின் பண்புகள் கீழ்வகைக்குத் தாமாகவே வந்துசேர்வதை அவர்கள் பாடத்தில் மரபுரிமை என்று தமிழாக்குகிறார்கள். எனக்கு இதைப் புரியவைத்தது தொல்காப்பியத்தின் மரபியல். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அடுத்த படியில் உள்ளது அதையும் கொண்டு இன்னோர் அறிவையும் சேர்த்துக்கொள்ளும், மக்களுக்கு ஆறு. வகுப்பில் இதைச் சொன்னால் பின்பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். அதற்காகத் தொல்காப்பியர் அப்போதே கணினியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று மேடையில் முழங்குபவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். எனக்குச் சுவையாக இருப்பது அவருக்கு எங்கே இடறியது என்பது. கிளவியாக்கத் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்த பெயருக்குத் தனக்கென்று பால் காட்டும் ஈறு இல்லை, இருக்கும் ஈறுகளையே அது கொள்ளும் என்று அவர் சொல்ல வேண்டிவருகிறது. வகைகள் போட்டு முடித்தபிறகு ஒரு மனிதர் எதற்குள்ளும் அடங்காமல் வாசலில் வந்து நிற்கிறார். இன்று ஒரு படிவத்தில் பாலினம் என்ற கட்டத்துக்கு எத்தனை மதிப்புகள் வைப்பது என்று கேட்கும் மாணவியும் அதே வாசலில்தான் நிற்கிறாள்.

லிஸ்கோவின் விதி இதன் அடுத்த படி. மேல்வகை எதிர்பார்க்கப்படும் இடத்தில் கீழ்வகையை வைத்தால் எதுவும் உடையக் கூடாது; உடைந்தால் அது உண்மையான கீழ்வகை இல்லை. மகளும் வாரிசுதான் என்று நாம் சொல்கிறோமே, வாரிசு இருக்கும் இடத்தில் மகளை வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு கொடுத்தது. மத்திய அரசு முந்திக்கொள்ளாத விஷயம், பெருமைப்படலாம். ஆனால் 1989 மார்ச் 25க்கு முன்பே மணமான மகள்களை அது வெளியே நிறுத்தியது. அந்த நிபந்தனை போக 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் வர வேண்டியிருந்தது. இங்கும் அதே அம்புக்குறிதான்.

அவளுடைய ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை என்று பொதுவாக ஒரு கிளாஸ் வைத்து, தகுதியை வேறோர் இடத்தில் எழுதிவிடு, படம் அழகாக இருக்கும் என்றாராம். வடிவமைப்பு இலக்கணப்படி அவர் சொன்னது சரி. விதி நாளை மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அவள் அதையும் வரைந்தாள். தன் பழைய படத்தையும் பின்னிணைப்பாக வைத்தாள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பின்னிணைப்பைப் புரட்டி, ஏன் இரண்டு படங்கள் என்று கேட்டிருக்கிறார்.

“ஒண்ணு ரயில்வேக்கு சார். இன்னொண்ணு எங்க வீட்டுக்கு.”

அவர் அடுத்த ரெக்கார்டை எடுத்துக்கொண்டார். அவளுக்கு இப்போது சென்னையில் வேலை, சோதனைப் பிரிவில். அவள் வகுப்பில் வேலை கிடைத்த பெண்களில் பலரும் அந்தப் பிரிவில்தான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அப்பாவின் பாஸில் வருகிறாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.