இலத்திரன் அலையின் கண்டுபிடிப்பு: தற்செயலும் கொள்கையும்

விஞ்ஞானக் கண்டுபிடிப்புக்கள் பலவற்றைத் தற்செயல் நிகழ்ச்சிகளின் விளைவாகக் காட்டும் வழக்கம் நூலாசிரியர் பலரிடம் உண்டு. இலத்திரன் அலையியல்பு உடையது என்பது நிறுவப்பட்ட வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே கூறப்படுகின்றது. ஆய்வுகூடமொன்றில் திரவ வளி நிறைந்த போத்தல் வெடித்தது. அதன் பயனாய்ப் பேருண்மையொன்று வெளிப்பட்டது என்பதே அக்கதையின் சாரம். போத்தல் வெடித்தமை உண்மை. ஆனால், அவ்வெடிப்புத்தான் உண்மையை உணர்த்திற்றா என்பது ஆராய்தற்குரியது.

ஒளியானது துணிக்கையா, அலையா என்னும் வினா பௌதிகத்தில் நீண்ட வரலாறுடையது. நியூற்றன் அதனைத் துணிக்கைகளின் ஓட்டமாகக் கருதினார். ஹைகன்ஸ் அலையெனக் கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யங், பிரெனல் ஆகியோரின் ஆய்வுகள் வழக்கை அலையின் பக்கம் தீர்த்துவைத்தன. ஒளியோடு ஒளி சேர்ந்து இருள் தோன்றும் தலையீட்டு விளைவைத் துணிக்கைக் கொள்கையால் விளக்க இயலவில்லை. ஆயினும், தீர்ந்த வழக்கு மீண்டும் எழுந்தது. கதிர்வீசலின் சத்தி தனித்தனிச் சொட்டுக்களாகவே பரிமாறப்படுகின்றது என்னும் கருதுகோளை 1900 இல் பிளாங் முன்வைத்தார். 1905 இல் ஐன்ஸ்ரைன் ஒளியே அத்தகைய சொட்டுக்களால் ஆயதெனக் கொண்டு ஒளிமின் விளைவை விளக்கினார். 1923 இல் வெளிவந்த கொம்ரனின் எக்சுக்கதிர் ஆய்வு இக்கருத்துக்கு வலுவூட்டியது.

அலையெனப்பட்ட ஒளி துணிக்கையாகவும் ஒழுகுமாயின், துணிக்கையெனப்பட்ட பொருள் அலையாகவும் ஒழுகலாகாதோ? இவ்வினாவை எழுப்பியவர் பிரான்சிய அறிஞர் லூயி டீ புரொய் ஆவர். துணிக்கையொன்றின் அலைநீளம், பிளாங்கின் மாறிலியை அத்துணிக்கையின் உந்தத்தால் வகுக்கப் பெறப்படும் என்பது 1924 இல் பாரிசில் அவர் சமர்ப்பித்த ஆய்வுரையின் முடிபு. வீசியெறியப்பட்ட பந்தின் உந்தம் மிகப் பெரிதாதலின், அதன் அலைநீளம் எக்கருவிக்கும் எட்டாது. இலத்திரனின் திணிவோ மிகச் சிறிது. 54 உவோற்று அழுத்தத்தால் முடுக்கப்பட்ட இலத்திரனின் அலைநீளம் 1.67 அங்சுரோம் எனக் கணக்கிடலாம். ஓர் அங்சுரோம் சென்ரிமீற்றரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. பளிங்குகளில் அணுக்கள் இடைவிட்டு நிற்கும் தூரமும் ஏறத்தாழ இவ்வளவே. எனவே, பளிங்கு இலத்திரன் அலையைக் கோணச் செய்யவேண்டும்.

இவ்வாறிருக்க, நியூயோர்க்கிலுள்ள பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் கிளின்ரன் டேவிசன் உலோகப் பரப்புக்களில் இலத்திரன்கள் பட்டுச் சிதறுவதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அணுவின் உள்ளமைப்பை அறிவதே அவர் நோக்கம். அலையைப் பற்றிய எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. 1925 ஆம் ஆண்டின் முற்பகுதியில், அவரும் ஜேர்மரும் நடத்திய பரிசோதனையின்போது திரவ வளிப் போத்தல் வெடித்து வெற்றிடக் குழாயை உடைத்தது. உட்புகுந்த வளியினால் நிக்கல் தகடு ஒட்சியேற்றமுற்றது. அதனைத் தூய்மையாக்க நீண்ட நேரம் வெப்பமேற்றினர். அதனால் நுண்பளிங்குகள் ஒன்றிணைந்து பெரும் பளிங்குகள் சிலவாயின. பின்னர் பெற்ற அளவீடுகள் முன்னையவற்றினின்றும் முற்றும் வேறுபட்டன.

கதை இவ்விடத்தில் முடிந்திருப்பின் தற்செயலுக்கே புகழனைத்தும் உரியதாகும். ஆனால், டேவிசன் அப்போதும் அலையை நினைந்தாரல்லர். அணுக்கள் அடுக்கப்பட்ட ஒழுங்கினால் சில திசைகளில் இலத்திரன்கள் எளிதாய் வெளிவருகின்றன என்றே கருதினார். தனிப் பளிங்கொன்றை வெட்டியமைத்து மேற்கொண்ட முதல் அளவீடுகளும் ஏமாற்றத்தையே அளித்தன. எத்திசையில், எந்த அழுத்தத்தில் தேடவேண்டும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

திருப்பம் 1926 இல் ஒக்ஸ்போட்டில் நிகழ்ந்தது. பிரித்தானிய விஞ்ஞானக் கழகக் கூட்டத்திற் சொற்பொழிவாற்றிய மக்ஸ் போர்ன், டீ புரொயின் அலைக்கு ஆதாரமாக டேவிசனின் பழைய அளவீடுகளையே எடுத்துக்காட்டினார். கூட்டத்திலிருந்த டேவிசன் வியப்புற்றார் என்பதிற் புதுமையில்லை. கொட்டிங்கனில் மாணவராயிருந்த எல்சாசர் அவ்வளவீடுகளுக்கு 1925 இலேயே இவ்வாறு பொருள் கண்டிருந்தார். தாயகம் திரும்பிய டேவிசன், கொள்கை காட்டிய திசையிற் தேடலானார். 1927 சனவரியில் தேடியது கிட்டியது. 54 உவோற்றில், 50 பாகைக் கோணத்தில் சிதறல் உச்சமடைந்தது. அதிலிருந்து பெறப்பட்ட அலைநீளம் 1.65 அங்சுரோம், கொள்கையின் பெறுமானத்தோடு பெரிதும் ஒத்தது.

அதே ஆண்டில் அபடீனில் ஜோர்ஜ் தொம்சனும் அவர் மாணவர் றீட்டும் வேகமிக்க இலத்திரன்களை மென்றகடுகளினூடாகச் செலுத்தி, ஒளிப்படத்தட்டில் வட்ட வளையங்களைக் கண்டனர். வளையங்கள் எக்சுக்கதிர்களால் ஆயவை அல்ல என்பதைக் காந்தப் புலத்தால் அவற்றை விலகச்செய்து தொம்சன் நிறுவினார். டேவிசனும் தொம்சனும் 1937 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1897 இல் இலத்திரனைத் துணிக்கையென நிறுவிய ஜே. ஜே. தொம்சனின் மைந்தரே அதனை அலையெனக் காட்டியவருள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. தந்தையை மைந்தர் மறுத்தாரல்லர். இருவர் கூற்றும் உண்மையே.

இவ்வலை எதன் அலை என்னும் வினா எஞ்சியது. இலத்திரன் ஓரிடத்திற் காணப்படும் நிகழ்தகவையே அலை தருகின்றது என்பது 1926 இல் போர்ன் கூறிய விடை. 1989 இல் யப்பானில் தொனொமுராவும் அவர் குழுவினரும் இலத்திரன்களை ஒவ்வொன்றாகச் செலுத்திய ஆய்வு இதனைக் கண்கூடாக்கியது. ஒவ்வொரு இலத்திரனும் திரையில் ஒரு புள்ளியாகவே பதிந்தது; புள்ளிகள் ஆயிரக்கணக்கிற் பெருகியபோது தலையீட்டு வரிகள் தோன்றின.

ஆகவே, போத்தல் வெடித்தமை டேவிசனுக்குப் பளிங்கைத் தந்தது. பார்வையைத் தந்தது கொள்கையே. எனினும், கொள்கை மட்டும் போதுமாயிருந்ததோ எனின், அதுவுமன்று. டேவிசன் தம் அளவீடுகளை ஒளிவுமறைவின்றி முன்னரே வெளியிட்டிராவிடின், போர்னும் எல்சாசரும் சுட்டுதற்கு எதுவும் இருந்திராது. பொருள் விளங்காத நிலையிலும் கண்டதைக் கண்டவாறு பதிந்துவைத்த நேர்மைக்கு இவ்வரலாற்றில் உள்ள பங்கு பெரிது. வாய்பாட்டை மனனஞ்செய்து விடையெழுதும் பழக்கத்தில் ஊறிய நம் மாணவ சமுதாயம் இவ்வரலாற்றினின்றும் கொள்ளத்தக்க பாடம் இதுவே எனலாம்.