பத்து நாள் முன்னால் வந்த கொப்புளம்

விடுதியில் என் அறை நண்பனுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று முறை கைகளில் சிவப்பு வட்டங்கள் வரும். வட்டத்துக்குள் வட்டம், நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு. இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போய்விடும். "கரப்பான் பண்டம் சாப்பிட்டிருப்பே, கத்திரிக்காய், கருவாட்டை நிறுத்து" என்று சொல்லாதவர்கள் இல்லை. அவன் தட்டைத் தனியாக ஒதுக்கி வைத்தவர்களும் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் ஒரு தோல் மருத்துவர் அவனிடம் வேறு கேள்வி கேட்டார். "இது வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி உதட்டுல கொப்புளம் வந்துதா?" வந்திருந்தது, ஒவ்வொரு முறையும்!

நான் படிப்பது பி.காம். மருத்துவம் தெரியாது. ஆனால் அந்த ஒரு கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நல்ல கதை கிடைத்தது.

கதை வியன்னாவில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் தோல் நோய் என்றாலே உடம்புக்குள் கெட்டுப்போன நீர் வெளியே வருகிறது என்றுதான் பலரும் நம்பினார்கள். அதை எதிர்த்தவர் ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹெப்ரா. சிரங்குக்குக் காரணம் ஒரு சிறு பூச்சிதான் என்று தன் தோலிலேயே அதை விட்டுப் பார்த்து, 1844இல் எழுதியவர். இவர்தான் 1860களில் என் நண்பனுக்கு வரும் நோயை விவரித்து, எரித்திமா மல்ட்டிஃபார்மி என்ற பெயர் நிலைக்கக் காரணமானார். கை கால்களில் வரும், தானே ஆறும், மறுபடி வரும் என்பதையெல்லாம் கவனித்தார். ஏன் வருகிறது என்பதற்கு மட்டும் அவர் காலத்தில் விடை கிடைக்க வழியில்லை. அவர் இறந்தது 1880இல். வைரஸ் என்ற ஒன்று இருப்பதற்கான முதல் தடயமே 1892இல்தான், அதுவும் ரஷ்யாவில் ஒரு புகையிலைச் செடியில், கிடைத்தது.

பிறகு உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் என்று தெரிந்தது. கொப்புளம் ஆறினாலும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து, உடம்பு அசந்த நேரத்தில் திரும்பி வரும். சிலருக்கு அதைத் தொடர்ந்து கை வட்டங்களும் வருவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆனால் வட்டத்திலிருந்து சதையை எடுத்து வளர்த்துப் பார்த்தால் வைரஸ் வளரவில்லை. சந்தேகம் இருந்தது, சாட்சி இல்லை.

சாட்சி 1989இல் வந்தது. அப்போது புதிதாக வந்திருந்த பிசிஆர் முறையில் தேடிய அமெரிக்க ஆய்வாளர்கள், அந்த வட்டங்களுக்குள் ஹெர்பிஸ் வைரஸின் டிஎன்ஏவைக் கண்டார்கள். அதாவது முழு வைரஸ் அங்கே பெருகவில்லை. அதன் துண்டுகள் தோலில் கிடக்க, நம் எதிர்ப்புச் செல்கள் எதிரி வந்துவிட்டான் என்று பாய்கின்றன. அந்தச் சண்டைதான் சிவப்பு வட்டம். ஆகவே வட்டத்தைத் தொட்டால் யாருக்கும் ஒட்டாது. ஒட்டக்கூடியது உதட்டுக் கொப்புளம்தான். அதைப் பார்த்து யாரும் தட்டை ஒதுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை!

மருந்தும் இதை உறுதி செய்தது. அசைக்ளோவிர் ஹெர்பிஸை அடக்கும் மருந்து. அதன் பின்னால் இருந்த ஜெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். வட்டங்கள் வந்த பிறகு அதைக் கொடுத்தால் பெரிய பலன் இல்லை. ஆனால் அடிக்கடி வருபவர்களுக்குத் தினமும் கொடுத்தால் வருவது குறைகிறது என்று 1995இல் பிரிட்டனில் வெளியான ஒரு சோதனை காட்டியது.

எல்லோருக்கும் காரணம் இதுவே என்று சொல்ல முடியாது. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாலும், சில மருந்துகளாலும்கூட இந்நோய் வரும். ஆனால் திரும்பத் திரும்ப வருபவர்களிடம் முதல் சந்தேகம் ஹெர்பிஸ்தான்.

எங்கள் பாஷையில் சொன்னால், பற்று ஒரு பக்கத்தில், வரவு பத்து நாள் தள்ளி இன்னொரு பக்கத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்காததால்தான் இத்தனை நாள் கணக்கு டேலி ஆகவில்லை. நண்பன் இப்போது காலண்டரில் தேதி குறித்து வைக்கிறான். கத்திரிக்காயும் சாப்பிடுகிறான். அவன் தட்டு எங்கள் தட்டுகளோடுதான் இருக்கிறது.