முடிவு தெரிந்த பின்னரும் தொடர்ந்த அழிவு

இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவு 1945 ஜனவரியிலேயே ஏறக்குறைய தெளிவாகிவிட்டது. கிழக்கிலிருந்து சோவியத் படைகளும் மேற்கிலிருந்து அமெரிக்க, பிரித்தானியப் படைகளும் ஜேர்மனியை நெருக்கிக் கொண்டிருந்தன. ஆயினும், பேரழிவுகள் பல அதன் பின்னரே நிகழ்ந்தன.

பெப்ரவரி 13ஆம் திகதி இரவு தொடங்கிய குண்டுவீச்சில் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் சுமார் 25,000 பேர் மாண்டனர். 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அன்னை மரியாள் தேவாலயம் இடிந்து வீழ்ந்தது. அதே மாதம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் மூண்ட சண்டையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பொதுமக்கள் உயிரிழந்தனர். ஸ்பானியர் காலக் கோட்டை நகரம் தரைமட்டமாகியது. ஜப்பானியப் படையின் தலைமையகம் நிலத்தடியில் அமைந்திருந்த ஒகினாவாவின் சூரி அரண்மனை மே மாதத்தில் அழிந்தது.

பண்பாட்டுச் சிறப்புமிக்க கியோத்தோ நகரை அணுகுண்டு இலக்குப் பட்டியலிலிருந்து நீக்குமாறு அமெரிக்க யுத்தச் செயலாளர் ஹென்றி ஸ்டிம்சன் வற்புறுத்தினார். அந்நகர் தப்பியது. பின்னர் பட்டியலில் சேர்க்கப்பட்ட நாகசாகி ஓகஸ்ட் 9ஆம் திகதி எரிந்தது.

யுத்த காலத்தில் பண்பாட்டுச் சொத்துக்களைப் பாதுகாப்பதற்கான ஹேக் உடன்படிக்கை 1954இல் உருவாகியது. டிரெஸ்டன் தேவாலயமும் 2005இல் மீண்டும் திறக்கப்பட்டது. மாண்டோரை மீட்க எந்த உடன்படிக்கையாலும் இயலாது. முடிவு தெரிந்த யுத்தத்தை ஒரு நாளேனும் முன்னதாக நிறுத்துவதே உண்மையான பாதுகாப்பாகும்.